காரில் உட்கார்ந்திருக்கப்போகும் அப்பா

அன்புள்ள ஐயா,

கார்த்திகையில் பல்லாரியில் ஒரு கல்யாணம். மறுநாள் ஹம்பி போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் (வயது 11, 7), என் அப்பா. காலை 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் 3 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். 23 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆறு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கவர் பண்ண எந்த வரிசையில் போவது? கைடு தேவையா? போவதற்கு முன் எதைப் படிக்கலாம்? பிள்ளைகளுக்குப் போரடிக்காமல் இருக்க என்ன செய்வது? அப்பா லால்குடிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து எட்டு வருடம் ஆகிறது. அவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை. "இடிஞ்ச செவுத்துல என்ன பாக்கறது, நான் கார்லயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலியும் உண்டு. அதனால் நாங்கள் வேகமாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவதாக, கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த 23. ஆறு மணி நேரம் என்பது 360 நிமிடம். ஒரு இடத்துக்குப் பதினாறு நிமிடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் வண்டியை நிறுத்தி, இறங்கி, சின்னப் பிள்ளைக்குச் செருப்பு மாட்டி, படம் எடுத்து, திரும்ப ஏற வேண்டும். ஹம்பியின் பாதுகாக்கப்பட்ட பகுதி மட்டும் 40 சதுர கிலோமீட்டருக்கு மேல். விஜயநகரப் பேரரசின் தலைநகராக 1336இல் தொடங்கியது என்று சொல்லப்படும் ஊர், 1565 வரைக்கும் வளர்ந்துகொண்டே போனது. அதைக் 'கவர் பண்ண' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

கைடு வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. படிப்பதற்கு, 16ஆம் நூற்றாண்டில் அங்கே வந்துபோன போர்ச்சுக்கீசியர்கள் டொமிங்கோ பயஸ், பெர்னாவோ நூனிஸ் இருவரின் குறிப்புகள் போதும். 1900இல் ராபர்ட் சூவெல் வெளியிட்ட நூலில் இரண்டும் ஆங்கிலத்தில் முழுதாக இருக்கின்றன.

இப்போது உங்கள் அப்பா.

2003இல் நான் என் அப்பாவை ஹம்பிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது 68 வயது. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வயல். கன்னடியன் கால்வாய்ப் பாசனம், காரும் பிசானமும் இரண்டு போகம், மேட்டில் கொஞ்சம் வாழை. ஹொசபேட்டையில் இறங்கி பஸ் பிடித்துப் போனோம். நானும் உங்களைப் போலவே ஒரு தாளில் இடங்களை எழுதி, பக்கத்தில் நேரமும் குறித்து வைத்திருந்தேன். லட்சுமி நரசிம்மர் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவைக் காணவில்லை.

சிலைக்குப் பக்கத்திலேயே படவி லிங்கம் இருக்கிறது. மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரே கல். கூரையில்லாத கருவறை. தரையில் எப்போதும் தண்ணீர் நிற்கும், லிங்கம் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போயிருக்கிறார். வாழைத்தோட்ட ஓரத்தில் ஓடிய கால்வாயின் கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"ஏல, இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

"ஆத்துல இருந்துதான்."

"ஆறு பள்ளத்துலல்லா கெடக்கு. இது மேட்டுலல்லா ஓடுது."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனமில்லை. அந்த நேரம் மண்வெட்டியோடு ஒருவர் மடை திருப்ப வந்தார். அப்பா தண்ணீரைக் காட்டி, கையால் என்ன என்று கேட்டார். அவர் 'காலுவெ' என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "கால்வாய்ங்கான்" என்றார். அப்புறம் அந்த இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. வந்தவர் மேற்கே கை நீட்டி, பெரிய பாறைகளைத் தூக்கி ஆற்றுக்குள் போடுவது போலக் காட்டினார். அப்பா ஈர மண்ணில் விரலால் கோடு போட்டு, அதன் குறுக்கே மூன்று கூழாங்கல்லை வைத்து, "எங்க ஊர்லயும் இப்படித்தான். எங்க கால்வாய் பேரே கன்னடியன்" என்றார். வந்தவருக்கு அதில் 'கன்னடியன்' மட்டும் பிடிபட்டது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவன் தனக்குக் கிடைத்த செல்வத்தையெல்லாம் போட்டு, ஒரு பசு நடந்த வழியே வெட்டிய கால்வாய் அது என்பது எங்கள் ஊர்க்கதை. அதையும் அப்பா அவருக்குத் தமிழிலேயே சொல்லி முடித்தார்.

நான் கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தேன். விட்டலர் கோயிலுக்குப் போக வேண்டும், கல்தேர் பார்க்க வேண்டும். "இந்தத் தண்ணியப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தமா?" என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காலைக் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டார். அந்த நாள் முழுக்க எனக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தார். கல்தேரைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் கிடைத்தது. அப்போது அவர் இல்லை. துங்கபத்திரை அந்தப் பாறைகளுக்கு நடுவே விறுவிறுவென்று இறங்குகிறது. அதனால் மேற்கே, ஆறு இன்னும் உயரத்தில் இருக்கும் இடத்திலேயே அணைகட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். கால்வாய் குன்றின் அடிவாரத்தை ஒட்டிக்கொண்டு வருகிறது, மிகக் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது. ஊருக்குள் வந்து சேரும்போது ஆறு பள்ளத்தில் கிடக்கிறது, கால்வாய் மேட்டில் ஓடுகிறது. அப்பா கேட்டதற்குள் ஹம்பியின் பாசனம் முழுவதும் இருந்தது. நூனிஸ் இதைச் சொல்கிறார். ஒரு அரசன் ஆற்றில் பெரும்பாறைகளைப் போட்டு அணைகட்டி, தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தான், அதனால் வருமானம் மூன்றரை லட்சம் வராகனுக்கு மேல் கூடியது என்று எழுதியிருக்கிறார்.

ஹம்பியில் வாழைத்தோட்டங்களைப் பார்த்துவிட்டு, "கோயில் இடத்தையெல்லாம் வளைத்து வாழை போட்டுவிட்டார்கள்" என்று பேசுகிற பயணிகளைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். 1443இல் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே வந்தார். ஊரைச் சுற்றி ஏழு மதில்கள் இருந்தன என்றும், முதல் மூன்று மதில்களுக்கு இடையில் விளைநிலமும் தோட்டமும் வீடுகளும் இருந்தன என்றும் எழுதினார். கோயில்கள் ஒரு பக்கம், அரண்மனை ஒரு பக்கம், நடுப்பள்ளத்தில் வயல். நகரம் உயிரோடு இருந்தபோதும் அது அப்படித்தான். இடிபாட்டுக்கு நடுவே வாழை வந்து முளைக்கவில்லை. வயல் முதலிலிருந்தே அங்கே இருந்தது, சுற்றியிருந்த மற்றதுதான் இடிந்தது. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படை தோற்றபிறகு அந்த ஊரை மாதக்கணக்கில் கொள்ளையடித்தார்கள். அரண்மனைகளின் மரக்கட்டுமானம் எல்லாம் போய்விட்டது. இன்று நாம் பார்ப்பது வெறும் கல்மேடைகளை. ஆனால் அந்தக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, ஒருவர் மண்வெட்டியோடு வந்து மடை திருப்புகிறார். அப்புறம் எதை இடிபாடு என்கிறோம்?

தண்ணீர் என்றதும் அரசர்களின் கருணை என்று உருகிவிடவும் வேண்டாம். கிருஷ்ணதேவராயர் ஒரு பெரிய ஏரி வெட்டியதைப் பயஸ் நேரில் பார்த்தார். பதினைந்து இருபதாயிரம் பேர் எறும்புபோல வேலை செய்தார்கள் என்கிறார். கரை இரண்டு மூன்று முறை உடைந்தது. பலி வேண்டும் என்று சொல்லப்பட்டதும் கோயில் வாசலில் அறுபது பேரைத் தலை வெட்டினார்கள் என்று, அடுத்த வாக்கியத்துக்குப் போகிற சாதாரணத்தோடு எழுதுகிறார். அதைப் படித்த பிறகு, அந்தப் பக்கத்து ஏரிக்கரைகளை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். அப்பாவுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதுகிறீர்கள். அவரிடம் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்? இடிந்த கோயிலும் அரண்மனையும் இருக்கின்றன என்று சொல்லியிருப்பீர்கள். அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் சீமையில் ஆயுசெல்லாம் முறைத்தண்ணீருக்குக் காத்திருந்தவரிடம், ஐந்நூறு வருடத்துக்கு மேலாக ஓடுகிற கால்வாய் ஒன்று அங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னீர்களா? எட்டு வருடமாக அவர் கால் வரப்பில் படவில்லை. அவரைக் கார் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வேகமாகப் பார்த்துவிட்டு வரப்போகிறீர்கள். முழங்கால் வலியை ஒரு சாக்காக எழுதாதீர்கள். உங்கள் மனைவிக்கு என்ன பார்க்க ஆசை என்றும் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவரிடமும் கேளுங்கள்.

ஹம்பியில் நான் மூன்று இடம்தான் சொல்வேன். காலையில் நேராக லட்சுமி நரசிம்மர், படவி லிங்கம். ரோட்டை ஒட்டியே இருக்கின்றன, அப்பா அதிகம் நடக்க வேண்டாம். அங்கேயே கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் இருங்கள். வெயில் ஏறியதும் கமலாபுரம் அருங்காட்சியகம். ஊர் முழுவதையும் குன்றும் ஆறுமாகச் சிறிதாகச் செய்து முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்த வழியை அதில் அப்பாவே பிள்ளைகளுக்குக் காட்டுவார். அப்புறம் அரண்மனை வளாகத்தில் இருக்கும் படிக்குளம். 1980களில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. கறுப்புக் கல்லைக் கச்சிதமாக அடுக்கிய குளம், அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் வாய்க்கால் தூண்கள்மேல் ஏறி நிற்கிறது. எந்தக் கல் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று தச்சர்கள் கல்லிலேயே குறி வெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் அதை மட்டும் சொல்லிவிடுங்கள், அவர்களைக் கிளப்பிக்கொண்டு வருவதுதான் உங்களுக்குப் பாடாக இருக்கும். வெளியே ஒரு நீர்க்காலின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டுகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், குழிகளோடு. சின்னவன் அதன் முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கல்தேரை விட்டுவிடுங்கள். 50 ரூபாய்த் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள், அதைப் பார்க்காமல் வந்தால் குற்றம் செய்தது போல இருக்கும். இருக்கட்டும், அது அடுத்த தடவைக்கு.

கால்வாய்க்கரை வழுக்கும். தோட்டத்துக்குள் இறங்குவதென்றால் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அப்பா உட்கார ஒரு மடக்கு நாற்காலியும் கால் துடைக்க ஒரு துண்டும் வண்டியில் வையுங்கள். தண்ணீருக்குள் அவர் கால் வைத்துவிட்டால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஊர் திரும்பியதும், அந்தத் தண்ணீரைப் பார்த்து அவர் முதலில் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.