கணினி கேள்வி-பதில்: 48 கிலோ 84 ஆனது யாரால்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவில், தினசரி இலை எடையை மூன்று பேர் ஒரே கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறோம். மாதக் கணக்கு முடிக்கும்போது ஓர் உறுப்பினரின் 48 கிலோ 84 என்று இருந்தது. மாற்றியது யார் என்று பார்க்க முடியுமா? குழுவின் ஒரே ஜிமெயிலைத்தான் மூவரும் பயன்படுத்துகிறோம்.

பதில்: எப்போது மாறியது, முன்பு என்ன இருந்தது என்பதைப் பார்க்கலாம். யார் என்று பார்க்க வழியில்லை. மூவருக்கும் ஒரே கணக்கு என்பதால் எல்லாத் திருத்தத்திலும் ஒரே பெயர்தான் நிற்கும்.

கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்து, அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’யை அழுத்துங்கள். பழைய எண், புதிய எண், தேதி, நேரம் ஒரு சின்னப் பெட்டியில் வரும். அம்புக்குறியை அழுத்தினால் இன்னும் பின்னால் போகலாம். 84 மட்டுமே இருந்து 48 எங்கும் வரவில்லையென்றால், யாரும் திருத்தவில்லை. முதலிலேயே தவறாக ஏறியிருக்கிறது. அப்படி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வித்தியாசம் 36, அதாவது 9-ன் மடங்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும் என்பது கணக்குப்பிள்ளைகளின் பழைய சோதனை. ஆளைத் தேடும் முன் எடைச் சீட்டைத் தேடுங்கள்.

வரிசையைச் சேர்த்தது, நீக்கியது, ஃபார்முலாவால் மாறிய விடை, வடிவ மாற்றம் ஆகியவை இந்தப் பெட்டியில் வராமல் போகலாம். அவற்றுக்கு ‘ஃபைல்’ மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ இருக்கிறது. வலப்பக்கம் தேதிவாரியாகப் பழைய நிலைகள் நிற்கும். அவசரத்தில் ‘ரீஸ்டோர்’ அழுத்திவிடாதீர்கள். ஒரு கட்டம் மட்டும் திரும்பாது, முழு ஷீட்டும் அந்த நாளுக்குப் போய்விடும். பிறகு மற்ற இருவர் ஏற்றிய எடையும் கண்ணில் இருந்து மறையும். பழைய நிலைக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியில் ‘மேக் எ காப்பி’ எடுத்து, வேண்டிய எண்ணை மட்டும் அதிலிருந்து பார்த்து எழுதுங்கள்.

இனிமேலுக்கு: மூவரின் சொந்த ஜிமெயில்களையும் தனித்தனியாக ‘ஷேர்’ செய்யுங்கள். ‘லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்’ என்று விட்டால் கணக்கில் நுழையாமலே திருத்தலாம், பெயரும் பதிவாகாது. முடிந்த மாதத்தை ‘டேட்டா’ மெனுவிலுள்ள ‘புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ மூலம் ஒருவர் மட்டும் திருத்தும்படி பூட்டுங்கள். சிக்னல் இல்லாத எடைக்களத்தில் போனில் அடித்தது, சிக்னல் கிடைத்த பிறகே ஏறும். அதற்குள் இன்னொருவர் அதே கட்டத்தில் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். எனவே ஆளுக்கொரு பத்தி ஒதுக்குங்கள்.

கேள்வி: மஞ்சூரிலிருந்து எழுதுகிறேன். கூகுள் ஷீட்டில் பட்டுவாடாத் தொகை 1,234,567 என்று வருகிறது. 12,34,567 என்று வேண்டும். எடைக்குப் பக்கத்தில் ‘கிலோ’ என்றும் வர வேண்டும். கையால் ‘கிலோ’ அடித்தால் கூட்டுத்தொகை குறைகிறது.

பதில்: கையால் அடித்தால் அந்தக் கட்டம் எண்ணாக இருக்காது, எழுத்தாகிவிடும். கூட்டும் ‘சம்’ ஃபார்முலா அதைத் தாண்டிப் போகும், எச்சரிக்கையும் தராது. எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். பத்தியை மேலிருந்து கீழே பார்த்தாலே எழுத்தான கட்டத்தைப் பிடித்துவிடலாம். எண்ணை மட்டும் அடித்து, ‘ஃபார்மட்’, ‘நம்பர்’, ‘கஸ்டம் நம்பர் ஃபார்மட்’ போய் இதை இடுங்கள்:

0.0" கிலோ"

மேற்கோள் குறி நேராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது வளைந்து வரலாம். லட்சம், கோடிக்கு:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கமாவுக்கு முன்னுள்ள சாய்கோட்டை விட்டால் பலிக்காது. வெறும் கமா ‘மூன்று மூன்றாகப் பிரி’ என்ற கட்டளை. சாய்கோடு போட்ட கமா, சொன்ன இடத்தில் அச்சாகும் வெறும் குறி. நிபந்தனை இரண்டுக்குத்தான் இடம் என்பதால் மைனஸ் தொகைகள் மூன்றாம் பகுதியில் விழுந்து -1,234,567 என்று பழையபடியே வரும். முன்பணப் பிடித்தத்தை மைனஸாகக் காட்டாமல் தனிப் பத்தியில் எழுதிவிடுவது நல்லது. எக்ஸெலிலும் இதே வரி வேலை செய்யும். விண்டோஸ் ‘ரீஜன்’ அமைப்பில் ‘டிஜிட் குரூப்பிங்’கை 12,34,56,789 என்று மாற்றினால் இந்த வரியே தேவையில்லை, ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்.

வடிவம் மாற்றுவது தோற்றத்தை மட்டுமே. 23.46, 18.47 என்ற எடைகள் ஒரு தசமத்தில் 23.5, 18.5 என்று தெரியும்; கூட்டுத்தொகை 41.9 என்று நிற்கும். தாளில் கூட்டிப் பார்க்கும் உறுப்பினருக்கு 42.0 வரும், சண்டையும் வரும். ஒரு தசமத்துக்குத்தான் பணம் என்றால் ஒவ்வொரு எடையையும் ‘ரவுண்டு’ ஃபார்முலாவால் முழுமையாக்கிவிட்டுக் கூட்டுங்கள். ஈர இலைக் கழிவு 5 என்று முதலில் அடித்துவிட்டுப் பிறகு சதவீத வடிவம் கொடுத்தால் 500% ஆகும் என்பதையும் கவனியுங்கள். இந்த ஷீட்டை, வேறு மென்பொருளில் ஏற்ற உதவும் சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் கண்ணுக்குத் தெரிவதுதான் போகும்: ‘கிலோ’வும் கமாவும் சேர்ந்தே. வேறு மென்பொருளில் ஏற்றுவதற்கு முன் சாதாரண எண் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூடலூரில் உறுப்பினர் பட்டியல் தயாரிக்கிறோம். எக்ஸெலில் சர்வே எண் 12/3 என்று அடித்தால் தேதியாகிறது. சிலரின் வங்கிக் கணக்கு எண் கடைசியில் பூஜ்யமாகிறது.

பதில்: இவை கூட்டிக் கழிக்கும் எண்கள் அல்ல. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்திகளுக்கு ‘டெக்ஸ்ட்’ வடிவம் கொடுங்கள், அல்லது முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கள். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16-வது இலக்கத்திலிருந்து பூஜ்யம். பூஜ்யமானதை வடிவம் மாற்றி மீட்க முடியாது. பாஸ்புக்கைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.