பாஸை நாவலில் கிண்டல் செய்தால் வழக்கு வருமா?

கேள்வி: மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் அனலிஸ்டாக இருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு போன் செய்து ‘லோகோவை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு’ என்கிற வைஸ் பிரசிடென்ட், மீட்டிங் ரூமில் படுத்துத் தூங்கும் ஜூனியர்கள் என எங்கள் பிழைப்பை வைத்து ஒரு நகைச்சுவை நாவல் எழுதிவிட்டேன். பதிப்பகமும் கிடைத்துவிட்டது. பெயர்களை மாற்றி, ‘யாவும் கற்பனை’ என்றும் போட்டிருக்கிறேன். இனி பயமில்லைதானே?

பதில்: முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வெளி வருமானத்துக்கு முன் அனுமதி, ரகசியக் காப்பு, பணிக்காலத்தில் உருவாக்கியவை நிறுவனத்துக்கே சொந்தம் என்ற உரிமை மாற்றம் ஆகிய மூன்று ஷரத்துகளும் பெரும்பாலும் அதில் இருக்கும். முதலாவதை மீறினால், நாவலில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் வேலை போகலாம். விதிமுறைகளைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் ஒரு பகுதியாக எழுதியதற்குத்தான் முதலாளி உரிமையாளர். வாடிக்கையாளருக்குக் காட்டும் ஸ்லைடு தொகுப்பான பிட்ச் டெக் அவர்களுடையது, நாவல் உங்களுடையது. ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில் தட்டியிருந்தால் இந்த வாதம் பலவீனமாகும். உங்கள் துறையில் ‘வேலை நேரத்துக்கு வெளியே’ என்று ஒரு நேரம் உண்டா என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நிஜ மெயிலையோ ஸ்லைடையோ அப்படியே கதையில் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து, வாடிக்கையாளர் கம்பெனிகளுக்காக நீங்கள் செய்யும் இணைப்பு, பங்கு வெளியீடு போன்ற டீல்களில் இருக்கிறது. பாஸின் பெயரை மாற்றியவர்கள்கூட, துறை, தொகை, ஊர் மூன்றையும் அப்படியே விட்டுவிடுவார்கள். சந்தையில் இருப்பவருக்கு அது போதும், கம்பெனி எதுவென்று சொல்லிவிடுவார். இன்னும் அறிவிக்கப்படாத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை வெளியிடுவது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015 உள்வணிகத் (இன்சைடர் டிரேடிங்) தடை விதிமுறைகளுக்கு எதிரானது. செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம் ரூபாய். உச்சம் 25 கோடி அல்லது அதனால் கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. பாதியில் நின்றுபோன டீல் என்றால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், வாடிக்கையாளரின் ரகசியம் அப்போதும் ரகசியம்தான். இணைப்பைப் பங்கு வெளியீடாக்குங்கள், சிமென்ட்டை மருந்தாக்குங்கள், ஆண்டையும் தொகையையும் மாற்றுங்கள். நகைச்சுவைக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இனி அவதூறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் தண்டனையாகலாம். கிண்டலாகச் சொன்னதும் அவதூறாகலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ‘அவர் நேர்மையானவர், அந்தக் கடிகாரத்தை அவர் திருடவே இல்லை’ என்பதுதான் சட்டம் தரும் உதாரணம். கம்பெனியும் புகார் செய்யலாம்.

கிரிமினல் வழக்கில் உங்கள் நோக்கம், அல்லது கெடுதல் வரும் என்று தெரிந்திருந்ததா என்பது பார்க்கப்படும். நஷ்டஈட்டு வழக்கில் ‘யாவும் கற்பனை’ அவ்வளவாகக் காப்பாற்றாது. இங்கிலாந்தின் ஹல்ட்டன் எதிர் ஜோன்ஸ் வழக்கில், ஒரு வேடிக்கைக் கட்டுரையில் கற்பனையாக வைத்த பெயர் நிஜ வக்கீல் ஒருவருடையதாக இருந்துவிட, பத்திரிகை கொடுக்க நேர்ந்தது 1,750 பவுண்டு. அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை 1909இல் உறுதி செய்தது. இந்த சிவில் வழக்குக்குக் காலக்கெடு, வெளியான நாளிலிருந்து ஓராண்டு.

எனவே உங்கள் வைஸ் பிரசிடென்ட்டை இரண்டு மூன்று பேரின் கலவையாக்குங்கள். பாலினம், ஊர், படித்த கல்லூரி, வாய்ச்சொல் எல்லாம் மாறட்டும். லோகோவை நகர்த்தச் சொல்வது வெறும் தொல்லை, அதற்கு யாரும் கோர்ட்டுக்குப் போவது அரிது. அவர் லஞ்சம் வாங்கினார், ஜூனியரிடம் தவறாக நடந்தார் என்று ஒரு அத்தியாயம் இருந்தால், அதைத் தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

புனைபெயரை நம்பாதீர்கள். ராயல்டிக்கு பான் எண் கொடுத்திருப்பீர்கள், நீதிமன்றம் கேட்டால் பதிப்பகம் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். பதிப்பக ஒப்பந்தத்தில் ‘எல்லா வழக்குச் செலவையும் ஆசிரியரே ஏற்பார்’ என்ற ஷரத்து இருந்தால், ‘ஆசிரியர் பெற்ற ராயல்டித் தொகைக்கு மிகாமல்’ என்று சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.