பின்லாந்து வளைந்த கதை

அன்புள்ள ஐயா,

உக்ரைன் போரைப் பற்றிய விவாதங்களில் ‘பின்லாந்துமயமாதல்’ (வலிய அண்டை நாட்டை அனுசரித்து நடந்து தன்னாட்சியைக் காத்துக்கொள்வது) என்ற சொல் அடிக்கடி வருகிறது. சிலர் அதைத் தீர்வாக முன்வைக்கிறார்கள், சிலர் வசையாக வீசுகிறார்கள். சோவியத் ஒன்றியத்துக்குப் பணிந்து நடந்ததால்தான் பின்லாந்து பிழைத்தது, வெள்ளத்தில் நாணல் பிழைப்பதைப் போல, என்கிறார் என் நண்பர். அப்படியானால் அதே நாடு 2023-ல் ஏன் நேட்டோவில் சேர்ந்தது? அத்தனை ஆண்டுகள் அவர்கள் கடைப்பிடித்தது ராஜதந்திரமா, அச்சமா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

நாணல் உவமை அழகானது, ஆனால் பின்லாந்துக்குப் பொருந்தாது. நாணல் எதிர்ப்பதில்லை. பின்லாந்து முதலில் இரண்டு போர்களில் எதிர்த்து நின்றது, அதன் பிறகே வளைந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டால் பின்னால் நடந்த எதுவும் விளங்காது.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லையைக் கடந்தபோது பின்லாந்தின் மக்கள்தொகை நாற்பது லட்சத்தைத் தொடவில்லை. மூன்றரை மாதப் பனிக்காலப் போருக்குப் பின் கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியாவை இழந்து சமாதானம் செய்துகொண்டார்கள். அதை மீட்க 1941-ல் ஹிட்லரின் ஜெர்மனியுடன் சேர்ந்து மீண்டும் போரிட்டார்கள். அவர்களுடைய வரலாற்றில் இன்றும் அவர்களைச் சங்கடப்படுத்தும் பகுதி இது. 1944 கோடையில் சோவியத்தின் பெருந்தாக்குதல் தடுத்து நிறுத்தப்பட்டது, செப்டம்பரில் போர்நிறுத்தம் வந்தது. இரு போர்களிலும் சேர்த்துத் தொண்ணூறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்திருந்தனர். இழந்த நிலத்திலிருந்து வெளியேறிய நாலு லட்சம் பேரை மீதி நாட்டில் குடியமர்த்த வேண்டியிருந்தது. ஆனாலும் ஹெல்சிங்கிக்குள் அந்நியப் படை நுழையவில்லை. வார்சாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இல்லாமற்போன அந்த ஒரு வசதிதான், பின்னர் நடந்த எல்லாப் பேச்சுவார்த்தைகளிலும் பின்லாந்துக்கு இருந்த மூலதனம்.

1946-ல் குடியரசுத் தலைவரான யூஹோ குஸ்தி பாசிகிவிக்கு அப்போது எழுபத்தைந்து வயது. ரஷ்ய மொழி அறிந்த பழமைவாதி, வங்கி நிர்வாகி. கம்யூனிசத்தின்மீது துளி அனுதாபமும் இல்லாதவர். 1939-ல் மாஸ்கோவில் ஸ்டாலினோடு நேரில் பேச அனுப்பப்பட்டவரும் அவரே. போரைத் தவிர்க்கக் கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று அன்று சொன்னார், அரசு கேட்கவில்லை. அவருடைய கணிப்பு எளிமையானது: பின்லாந்தின்மீது ரஷ்யாவுக்கு இருக்கும் அக்கறை ராணுவம் சார்ந்தது, எல்லைக்கு அருகிலுள்ள லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வாசலில் பகைவன் வந்து நிற்கக் கூடாது என்பதே அதன் சாரம், அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டால் உள்நாட்டு வாழ்வை நாம் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணிப்பில் பாதிதான் சரியாக இருந்தது என்பது என் கருத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

1948 பிப்ரவரி 22 தேதியிட்டு ஸ்டாலின் எழுதிய கடிதம் பாசிகிவிக்கு வந்தது. ஹங்கேரியோடும் ருமேனியாவோடும் செய்துகொண்டதைப் போன்ற ஒரு பரஸ்பர உதவி ஒப்பந்தத்தைப் பின்லாந்தும் செய்துகொள்ளலாமே என்று அது கேட்டது. மூன்று நாட்களில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். ஹெல்சிங்கியில் அந்தக் கடிதம் எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இங்கேதான் நான் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பின்லாந்தின் வெளியுறவுக் கொள்கை முழுவதும் ஏப்ரல் 6 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் சில சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. ஹங்கேரியின் ஒப்பந்தத்தை மாதிரியாக ஏற்காமல் பின்லாந்துத் தூதுக்குழு தன் சொந்த வரைவை முன்வைத்தது, சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவும் பெரும்பாலும் அதையே அடிப்படையாகக் கொண்டார். ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ பின்லாந்தைத் தாக்கினால், அல்லது பின்லாந்து வழியாக சோவியத் ஒன்றியத்தைத் தாக்கினால், பின்லாந்து போரிடும். ஆனால் தன் எல்லைக்குள் மட்டும். சோவியத் உதவி தேவைப்பட்டால் மட்டுமே, அதுவும் இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட முறையில். உலகின் வேறெந்த மூலையில் சோவியத் ஒன்றியம் போருக்குப் போனாலும் பின்லாந்துக்குக் கடமை இல்லை. வல்லரசுகளின் நலப் பூசல்களுக்கு வெளியே இருக்கப் பின்லாந்து விரும்புகிறது என்ற வரியும் முன்னுரையில் இடம்பெற்றது. சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்தில் பின்லாந்து சேராமல் இருக்க முடிந்தது இந்தச் சொற்களின் பலத்தால். ஒப்பந்த வாசகத்தைச் சடங்கு என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததைப் போலவே எழுதாமல் விட்டுக்கொடுத்ததும் உண்டு. 1947 ஜூலையில், போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்டெடுக்க அமெரிக்கா அறிவித்த மார்ஷல் திட்டத்துக்கான அழைப்பை மாஸ்கோவின் அழுத்தத்தால் பின்லாந்து மறுத்தது. போர் இழப்பீடாக 1938 விலைக்கணக்கில் முப்பது கோடி டாலர் மதிப்புள்ள கப்பல்களையும் இயந்திரங்களையும் மரப்பொருட்களையும் சோவியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாடு அது. 1952-ல் கடைசிச் சரக்கும் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஹெல்சிங்கியில் ஒலிம்பிக்கும் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கா ஓசையின்றிக் கடன் கொடுத்தது. பின்லாந்தை அதிகமாகத் தன் பக்கம் இழுத்தால் மாஸ்கோ இறுக்கும் என்பது வாஷிங்டனுக்குப் புரிந்திருந்தது. பின்லாந்தை மாஸ்கோ இறுக்கினால் நடுநிலை வகிக்கும் ஸ்வீடன் நேட்டோவுக்குப் போய்விடும் என்பது மாஸ்கோவுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு யானைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததால் நடுவில் நின்றவனுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

அந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதற்குப் போர்க்கலா ஓர் உதாரணம். ஹெல்சிங்கிக்கு மேற்கே முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தத் தீபகற்பத்தை 1944-ல் சோவியத் ஒன்றியம் ஐம்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக் கடற்படைத் தளமாக்கியது. அங்கே இருந்தவர்கள் பத்தே நாட்களில் காலி செய்ய வேண்டியிருந்தது. ஹெல்சிங்கியிலிருந்து துர்க்கு நகருக்குப் போகும் ரயில் பாதை அதன் ஊடாகச் சென்றது. பின்னர் ரயில்களை அனுமதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. எல்லையில் ரயில் நிற்கும், ஜன்னல்கள் வெளியிலிருந்து பலகைகளால் மூடப்படும், சோவியத் எஞ்சின் பூட்டப்படும். பயணிகள் தங்கள் சொந்த நாட்டின் வழியாக இருட்டில் போய், மறுபக்கம் வெளிச்சத்துக்கு வருவார்கள். உலகிலேயே நீளமான சுரங்கப்பாதை என்று அதைக் கிண்டல் செய்தார்கள். 1956 ஜனவரியில் குத்தகைக் காலம் முடியும் முன்பே தளம் திருப்பித் தரப்பட்டது. பாசிகிவியின் கணிப்புக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது.

அடுத்து வந்த ஊர்ஹோ கெக்கோனென் கால் நூற்றாண்டு குடியரசுத் தலைவராக இருந்தார். 1960-ல் அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்கு வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவை விடியும்வரை சவுனாவில் உட்கார வைத்துப் பேசி, மேற்கு ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கூட்டமைப்போடு பின்லாந்து இணைவதற்கு இருந்த ஆட்சேபத்தைத் தளர்த்தியவர். (வெளியுறவு அமைச்சகங்களின் கூட்ட அறைகளைவிட அந்த நீராவி அறையில் அதிகம் சாதிக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.) ஆனால் பாசிகிவியின் கணிப்பு எங்கே பொய்த்தது என்பதும் அவர் காலத்தில்தான் தெரிந்தது. 1958-ல் மாஸ்கோவுக்குப் பிடிக்காத ஒரு கூட்டணி அரசு அமைந்தது. சோவியத் தூதர் ஊருக்குப் போனார், அடுத்தவர் வரவில்லை, வணிகப் பேச்சு நின்றது, சில மாதங்களில் அரசு கவிழ்ந்தது. 1961 அக்டோபர் 30 அன்று, மேற்கு ஜெர்மனியின் அச்சுறுத்தலைக் காரணம் காட்டி ஒப்பந்தப்படி ராணுவ ஆலோசனைக்கு அழைத்து ஒரு குறிப்பாணை வந்தது. கெக்கோனென் அப்போது ஹவாயில் இருந்தார். பின்னர் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை சென்று குருஷ்சேவைச் சந்தித்து ஆலோசனையைத் தள்ளிப்போட வைத்தார். இடையில், தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற பொது வேட்பாளர் ஓலவி ஹொங்கா போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். லெனின்கிராடின் பாதுகாப்போடு மாஸ்கோவின் அக்கறை நின்றுவிடவில்லை. ஹெல்சிங்கியில் யார் ஆள்வது என்பதுவரை அது நீண்டது.

ஆகவே ‘ராஜதந்திரமா, அச்சமா’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. வெளியுறவில் அது தேர்ந்த ராஜதந்திரம். அதற்கான விலையை அவர்கள் உள்நாட்டில் கொடுத்தார்கள். 1973-ல் தேர்தலே இல்லாமல், தனிச் சட்டம் ஒன்றின் மூலம் கெக்கோனெனின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. வலதுசாரித் தேசியக் கூட்டணிக் கட்சி 1979 தேர்தலில் நல்ல வெற்றி பெற்றும் ஆட்சியில் சேர்க்கப்படவில்லை. அதற்குச் சொல்லப்பட்டது ‘பொதுவான காரணங்கள்’ என்ற தொடர். அதன் பொருளை விளக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. சோவியத் சிறைமுகாம்களைப் பற்றிய ரஷ்ய எழுத்தாளர் ஸோல்செனித்சினின் நூல் ஃபின்னிஷ் மொழியில் வந்தபோது முதல் தொகுதி ஸ்வீடனில் அச்சிடப்பட்டது. எல்லை தாண்டி ஓடிவந்த சோவியத் குடிமக்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இவற்றில் பலவற்றை மாஸ்கோ கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை, முன்கூட்டியே செய்தார்கள். ‘பின்லாந்துமயமாதல்’ என்று மேற்கு ஜெர்மனிக்காரர்கள் வசை பாடியதில் பாதி அவர்களுடைய உள்ளூர் அரசியல். மீதியில் இந்த உண்மை இருந்தது. அந்த நாட்டில் பத்திரிகைகள் வெளிவந்தன, கட்சிகள் இருந்தன, தேர்தல்கள் நடந்தன, வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. கம்யூனிஸ்டுகள் ஆண்ட செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராக்கில் இவற்றில் எதுவும் உண்மையாக இருக்கவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் கெக்கோனெனைக் கோழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நேட்டோவைப் பற்றி. இழப்பீடு கட்டிய காலத்திலும் சவுனா ராஜதந்திரக் காலத்திலும் பின்லாந்து கட்டாய ராணுவப் பயிற்சியைக் கைவிடவில்லை, பாறைக்குள் பதுங்கறைகள் தோண்டுவதையும் நிறுத்தவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்ததும் 1992-ல் பழைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள், 1995-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். நேட்டோவில் மட்டும் சேரவில்லை, ‘வேண்டுமானால் சேருவோம்’ என்ற உரிமையைக் கையில் வைத்திருந்தார்கள். நேட்டோ இனி விரிவடையக் கூடாது என்று 2021 டிசம்பரில் ரஷ்யா கேட்டபோது பறிபோகவிருந்தது அந்த உரிமைதான். அடுத்த பிப்ரவரியில் உக்ரைனுக்குள் படை நுழைந்தது. அண்டை வீட்டுக்காரரின் கவலையைத் தீர்த்தால் அவர் நம்மை விட்டுவிடுவார் என்பது பாசிகிவி வழியின் அடிப்படை. அந்த நம்பிக்கை போனதும் வழியும் போனது. 2023 ஏப்ரல் 4 அன்று உறுப்பினரானார்கள். 1948 ஒப்பந்தத்துக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைய அன்று இரண்டு நாட்கள் பாக்கி இருந்தன.

உங்கள் நண்பர் இதை உக்ரைனுக்குப் பரிந்துரைப்பாரானால் அவரிடம் ஒன்று கேளுங்கள். பின்லாந்தின் ஒப்பந்தத்தில் சோவியத் ஒன்றியம் பின்லாந்தின் எல்லையையும் அரசையும் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டது. உக்ரைனுக்கு அப்படி ஒரு கையெழுத்தை 1994-ல் புடாபெஸ்டில் ரஷ்யா ஏற்கெனவே போட்டிருக்கிறது. இரண்டாவது கையெழுத்தை எதை நம்பி வாங்குவது?