எந்த வாசல் திறந்திருந்தது?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பிறந்த வீடும் புகுந்த வீடும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). சில வருஷமாகப் பக்கத்துத் தெருவில் நடக்கும் ஒரு ஜெபக்குழுவுக்கும் போய் வருகிறேன். வேதத்தில் வரும் போர்க்கவசங்களை ஒவ்வொன்றாகத் தரித்துக்கொள்வதாகச் சொல்லும் சர்வாயுதவர்க்க ஜெபத்தை அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் காலையில் வீட்டுக்காரர் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் கைவைத்து, தலைச்சீரா, மார்க்கவசம், கச்சை, பாதரட்சை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பேன். பிறகு 91ஆம் சங்கீதம். அப்புறம் வீட்டையும் வண்டியையும் இயேசுவின் இரத்தத்தால் மூடி ஜெபித்துவிட்டுத்தான் அவர்களை அனுப்புவேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் சின்னவனுக்கு இரவெல்லாம் காய்ச்சல். காலையில் எதுவும் ஜெபிக்காமலே அவரை அனுப்பிவிட்டேன். அன்றைக்கு வண்ணார்பேட்டையில் ஒரு வேன் அவர் வண்டியில் மோதியது. கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த குழுச் சகோதரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்த வாசல் திறந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள் சிஸ்டர்" என்றார். பிசாசு உள்ளே வர நான் ஏதோ வழி விட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது மூன்று மணிக்கே எழுந்து ஜெபிக்கிறேன். நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் முதலிலிருந்து சொல்கிறேன். பத்தாவது படிக்கும் மகளும் என்னைப் பார்த்து, முழு ஜெபமும் சொல்லாமல் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்கிறாள். அவரோ, "ஹெல்மெட் போட்டிருந்தேன், தலை தப்பித்தது, விடு" என்கிறார். விசுவாசம் நம்மைக் காக்கும் என்றால் எப்படிக் காக்கும்? தினமும் நான் என்ன செய்ய வேண்டும்? இது என்னால்தான் நடந்ததா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது உங்களால் நடக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தாய் காலையில் ஜெபிக்க மறந்தாள் என்பதற்காக, அவள் புருஷன்மேல் இருந்த தம் கையை எடுத்துவிடுகிறவர் அல்ல நம் கர்த்தர். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்று 121ஆம் சங்கீதம் சொல்கிறது. காவல் வேலை அவருடையது. நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து அதைத் தோளில் சுமக்க வேண்டியதில்லை.

அந்தச் சகோதரி கேட்ட கேள்வி புதியது அல்ல. பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். செத்தவர்கள் பக்கம் விரல் நீட்ட விடாமல், கேட்டுக்கொண்டிருந்த எல்லாரையும் மனந்திரும்பச் சொன்னார். வேன் மோதுவது என்பது கோபுரம் விழுவதைப் போன்ற ஒரு காரியம்தான். சாலையில் அவசரம், கவனக்குறைவு, குழி, திருப்பம் எல்லாம் இருக்கின்றன. அதற்குக் காரணத்தை உங்கள் ஜெப அறையில் தேடுவது நியாயமே இல்லை.

சரி, வாசல் என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. சர்வாயுதவர்க்கத்தைப் பற்றி எழுதிய அதே பவுல், அதே எபேசியர் நிருபத்தில், இரண்டு அதிகாரம் முன்னால் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். பொய்யைக் களைந்து பிறனுடனே மெய்யைப் பேசுங்கள். கோபம் வந்தாலும் சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணியட்டும். திருடினவன் இனித் திருடாமல் கையால் உழைத்து, இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும். பிசாசுக்கு இடம் கிடைப்பது பொய்யிலும், ஆறாத கோபத்திலும், அடுத்தவன் பொருளிலும். ஜெபத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போவதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

ஆறாம் அதிகாரத்தில் வரும் ஆயுதங்களையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் வாசிக்கிறேன். சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சணியம், தேவவசனம். சொல்லி முடித்ததும் உடம்பில் ஏறிக்கொள்கிற உலோகம் அல்ல இவை. வாழ்ந்து தரிக்க வேண்டியவை. உங்கள் வீட்டு நிலைமையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் படிவம் நிரப்பும்போது நடந்ததை நடந்தபடி எழுதினால் கச்சை கட்டியாயிற்று. அந்த வேன் ஓட்டுநரைப் பற்றி நினைத்தாலே வயிறு எரிகிறதே, வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு அவன் வீட்டுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிக்க முடிந்தால் அது பாதரட்சை. "உன்னால்தான் நடந்தது" என்று நடுராத்திரியில் ஒரு குரல் உங்களைக் குத்துகிறதே, பவுல் சொல்லும் அக்கினியாஸ்திரம் அதுதான். வேதத்தில் பிசாசுக்கு உள்ள பெயர்களில் ஒன்று குற்றஞ்சாட்டுகிறவன். அந்த அம்பு வரும்போது, "நான் ஜெபித்ததால் அல்ல, கிறிஸ்து மரித்ததால் நான் தேவனுடையவள்" என்று சொல்வதுதான் கேடகம். இரண்டு மாதமாக உங்கள்மேல் உண்மையிலேயே ஒரு தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது. அது வண்ணார்பேட்டையில் நடந்தது அல்ல, உங்கள் மனதில் நடப்பது.

91ஆம் சங்கீதத்துக்கு வருகிறேன். எனக்கும் அது பிரியமான சங்கீதம். மேற்கத்திய சபையில் பல நூற்றாண்டுகளாக இரவு படுக்கும் முன் சொல்லும் ஜெபத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால், உம்மைக் காக்கத் தூதருக்குக் கட்டளையிடுவார் என்ற வரியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது, குதியும் என்று இயேசுவிடம் சொன்னது பிசாசு. மத்தேயு நான்காம் அதிகாரம். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இயேசு மறுத்துவிட்டார். அந்தச் சங்கீதம் அவருக்கும் உரியதுதான். அப்படியிருந்தும் அவர் சிலுவைக்குப் போனார். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று சங்கீதத்தின் முடிவில் ஒரு வரி வருகிறது. ஆபத்தே வராது என்பது வாக்கு என்றால் அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை.

தேவன் தப்புவிப்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. தப்புவிக்கிறார். உங்கள் வீட்டுக்காரரின் தலை தப்பியதற்கு நான் கர்த்தரைத் துதிக்கிறேன், ஹெல்மெட்டையும் சேர்த்தே துதிக்கிறேன். ஆனால் அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவையோ தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். இருவரும் இயேசுவின் பக்கத்திலேயே இருந்தவர்கள். யாக்கோபு வீட்டில் எந்த வாசல் திறந்திருந்தது என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்லவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள், சில வசனங்கள் தள்ளி, அதே விசுவாசத்தோடு சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள். சர்வாயுதவர்க்கத்தைப் பற்றி எழுதிய பவுலே அதை எழுதும்போது சங்கிலியில் கட்டுண்டிருந்தார். அந்த அதிகாரத்திலேயே அதைச் சொல்கிறார்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. டோனாவூரில் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர். 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழிந்தது. அந்தப் படுக்கையிலிருந்துதான் பல புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார், ஜெபித்தார். கர்த்தர் அந்த அம்மையாரைக் காக்கவில்லை என்று திருநெல்வேலிச் சீமையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியானால் காப்பது எதை? எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் லூக்கா 22இல் இருக்கிறது. சாத்தான் கோதுமையைப் புடைக்கிறதுபோல உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான் என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். சொல்லிவிட்டு, புடைப்பதை நிறுத்தும்படி நான் வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். அன்றிரவே பேதுரு மூன்று தரம் மறுதலித்தான். மனங்கசந்து அழுதான். ஆனாலும் திரும்பி வந்தான். காக்கப்பட்டது அதுதான், திரும்பி வர முடிகிற அந்த உறவு. உங்கள் வீட்டில் கால் முறிந்திருக்கிறது, கடன் ஏறியிருக்கலாம், தூக்கம் போயிருக்கிறது. ஆனாலும் நீங்கள் அவரிடமேதான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி. இதற்குத் தேவனுக்கு உங்கள் பட்டியல் ஜெபம் தேவைப்படவில்லை.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும், பக்தியுள்ளவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறோம். 1 சாமுவேல் நான்காம் அதிகாரத்தில் பெலிஸ்தரிடம் இஸ்ரவேலர் நாலாயிரம் பேரை இழந்தார்கள். உடனே பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து கொண்டுவாருங்கள், அது நம்மை இரட்சிக்கும் என்றார்கள். பெட்டி வந்தது, பாளயம் அதிர ஆர்ப்பரித்தார்கள். அடுத்த யுத்தத்தில் முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. பெட்டி பரிசுத்தமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேவனைத் தேடாமல் பெட்டியைத் தேடினார்கள். அபிஷேக எண்ணெயும், வண்டியில் ஒட்டிய வசனமும், புதுவருஷ ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டையும் நல்லவைதான். அவை தாயத்து ஆகும்போதுதான் பயம் வருகிறது, ஏனென்றால் தாயத்தைத் தொலைத்துவிடலாம்.

உங்கள் வீட்டுக்காரர் ஹெல்மெட் என்கிறார், நீங்கள் ஜெபம் என்கிறீர்கள். இரண்டையும் எதிரெதிராக வைக்காதீர்கள். 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது பல்கலைக்கழகமே ஊரைவிட்டுப் போயிற்று. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் அங்கேயே இருந்து நோயாளிகளைப் பார்த்தார். கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் எழுதிய பதில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. எங்களைக் காத்துக்கொள்ளும் என்று தேவனிடம் கேட்பேன். பிறகு வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் எடுத்துக்கொள்வேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன். ஆனால் அயலானுக்கு நான் தேவைப்பட்டால் தயங்காமல் போவேன். அவர் சொன்னதன் சாரம் இது. மருந்தை அலட்சியம் செய்கிறவர்கள் தேவனைப் பரீட்சை பார்க்கிறார்கள் என்றும் எழுதினார். எல்லா விசுவாசிகளும் ஏற்கும் நிலை இது என்று சொல்லமாட்டேன். எனக்கு இதுதான் வேதத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

அதே காரணத்தால் இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வார்த்தை விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்ற அந்தத் தவிப்பு சில வாரங்களில் தணியாவிட்டால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் காலுக்கு எலும்பு மருத்துவரைப் பார்க்கிறார் அல்லவா. இதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை.

தினமும் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் தலையில் கைவைத்து ஜெபிப்பதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அம்மாவின் கை தலையில் பட்ட ஞாபகம் பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் இருக்கும். நீளத்தைக் குறையுங்கள். லூதரின் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூலில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு சின்ன ஜெபங்கள் உண்டு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் ஆரம்பத்திலேயே மொழிபெயர்த்தவற்றில் அந்த ஞானோபதேசமும் ஒன்று. பொல்லாத சத்துரு என்மேல் அதிகாரம் கொள்ளாதபடி உமது பரிசுத்த தூதன் என்னோடு இருப்பானாக என்று இரண்டு ஜெபங்களும் முடிகின்றன. ஒரு நிமிஷம்கூட ஆகாது. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஜெபித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று லூதர் சொல்வது. காலையில் சந்தோஷமாக வேலைக்குப் போ, இரவில் உடனே நிம்மதியாகத் தூங்கு. மூன்று மணிக்கு வைத்த அலாரத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மகளிடம் பேசுங்கள். புத்தி சொல்ல வேண்டாம், கூட உட்கார்ந்து "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்ற வரி வரைக்கும் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி, பரீட்சைக்கு அனுப்புங்கள். ஒருநாள் எதுவும் சொல்லாமல், டிபன் பாக்ஸை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிப் பாருங்கள். அன்றைக்கும் கர்த்தர் அவளோடுதான் போகிறார் என்று அவள் உங்கள் முகத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜெபக்குழுவை விட்டுவிட வேண்டாம் என்றே நினைக்கிறேன். எபேசியர் நிருபம் தனி ஆளுக்கு எழுதியது அல்ல, ஒரு சபைக்கு எழுதியது. ஆயுதங்களைச் சொல்லி முடித்ததும் எல்லாப் பரிசுத்தவான்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள், எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று பவுல் கேட்கிறார். அந்தச் சகோதரி ஆஸ்பத்திரிவரை வந்தவர், அன்பில்லாதவர் அல்ல. அவர் கேட்ட கேள்வி உங்களை என்ன செய்தது என்று அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள், சூரியன் அஸ்தமிப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். பிறகு, வீட்டுக்காரரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாட்களில் சின்னவனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.