ஆடி விருந்தும் வீட்டு நாயும்: கேள்வி பதில்

அம்மாபேட்டை: அக்கா, கோயில்ல ஊத்துன கூழை நேத்து எங்க நாட்டு நாய் ஒரு சொம்பு குடிச்சிருச்சு. சின்ன வெங்காயம் நிறைய கிடந்துச்சு. நாய் பத்து கிலோ இருக்கும். இன்னிக்கு நல்லாத்தான் ஓடுது. பயப்படணுமா?

இன்று ஓடுகிறது என்பதை வைத்து விட்டுவிடாதீர்கள். வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அது வெளியே தெரிய மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். நாயின் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே போனால் ஆபத்து. உங்கள் நாய்க்கு அது 50 கிராம், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடித்தாலும் நஞ்சு குறையாது. பூண்டு இதைவிடக் கடுமையானது.

ஒரு நாள் கழிந்துவிட்டதால் இனி வாந்தி எடுக்க வைத்துப் பயனில்லை. காலை மாலை இரு வேளையும் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ தெரிந்தால், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் மூன்றாம் நாள் ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவது நல்லது.

ஏற்காடு: ஊருக்கு வந்த சொந்தக்காரங்க வாங்கி வெச்சிருந்த டார்க் சாக்லேட், 100 கிராம் பாக்கெட் முழுசையும் பொமரேனியன் தின்னுருச்சு. ஆறு கிலோ. அரை மணி நேரம் ஆச்சு.

உடனே கிளம்புங்கள். டார்க் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும், நாய்க்கு நஞ்சாவது இதுதான். ஆறு கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டால் கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டுகிறது. 20 மில்லிகிராமிலேயே வாந்தியும் பதற்றமும் தொடங்கும், 60-ல் வலிப்பு வரலாம். ஏற்காட்டில் டாக்டர் கிடைக்காவிட்டால் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிப் போவதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால் முதலில் போன் போட்டு நாயின் எடை, தின்ற அளவு, தின்ற நேரம் மூன்றையும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடியும்.

தயவுசெய்து உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். இரத்தத்தில் உப்பு ஏறி மூளை வரை பாதிக்கும், அதனாலேயே நாய் சாகலாம். ஊர் முழுக்க இதைத்தான் கைவைத்தியமாகச் சொல்கிறார்கள் என்பது வேதனை.

சீலநாயக்கன்பட்டி: கிடா வெட்டு முடிஞ்சு எலும்பெல்லாம் லேப்ரடாருக்குப் போட்டுட்டோம்.

வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரும்பி வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கும். எலும்போடு போன கொழுப்பு இன்னொரு தொல்லை, கணையம் வீங்கும். விடாத வாந்தி, மலம் வராமல் முக்குவது, மலத்தில் இரத்தம், முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கியபடியே நிற்பது, இதில் எது வந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை: சர்க்கரைப் பொங்கல், புளிசாதம் கொஞ்சம் வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். பொங்கலில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவு சொல்லவே முடியாது. ஒரு நாய் தாங்குவதை இன்னொன்று தாங்காது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதை 2022-ல் வெளியான கட்டுரை ஒன்று பதிவு செய்திருக்கிறது. நம் வீட்டில் திராட்சையை ஒளித்து வைப்பவர்கள்கூடப் புளிக்குழம்புச் சோற்றை நாய்க்குப் பிசைந்து வைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கொண்டலாம்பட்டி: மாம்பழம்?

சதை இரண்டு துண்டு போதும். கொட்டை குடலை அடைக்கும், எட்டாத இடத்தில் போடுங்கள்.

அஸ்தம்பட்டி: அப்போ விருந்தன்னிக்கு என்னதான் போடுறது?

வெங்காயமும் உப்பும் மசாலாவும் சேர்க்கும் முன்பே எலும்பில்லாத கறி நாலு துண்டைத் தனியாக வேகவைத்து எடுத்துவிடுங்கள். வெறும் சோற்றோடு பிசைந்து வைக்கலாம். வழக்கமான தீனிக்கு மேல் தருவது அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளை மூடியுள்ள டிரம்மில் போட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். வாசலில் குவித்தால் தெரு நாய்களும் அதே எலும்பைத்தான் தின்னும்.