தங்குவிடுதி வைஃபை அரை மணிக்கு ஒருதடவை லாகின் கேக்குது

வணக்கம் அண்ணே, சிங்கப்பூர் துவாஸ்ல தொழிலாளர் தங்குவிடுதில சிஸ்கோ கன்ட்ரோலர் (எல்லா வைஃபை பெட்டியையும் ஒரே இடத்துல இருந்து நடத்துற கருவி) போட்டிருக்கேன், பசங்க ஊருக்கு வீடியோ கால் பேசும்போதே கட் ஆகி லாகின் பேஜ் வருதுன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல எப்போ கட் ஆகுதுன்னு பாருங்க. பேசிட்டு இருக்கும்போதே சரியா 30 நிமிஷத்துல போச்சுன்னா அது செஷன் டைம்அவுட், அதாவது ஒரு லாகின் எவ்வளவு நேரம் செல்லும்ங்கிற கணக்கு, 1800 வினாடின்னு இருக்கும், ஆள் பேசிட்டு இருக்காரா இல்லையான்னெல்லாம் அது பாக்காது. போனை பாக்கெட்ல போட்டு எடுத்தா கேக்குதுன்னா ஐடில் டைம்அவுட், அதாவது சும்மா இருக்கிற போனை எவ்வளவு நேரம் விட்டுவைக்கும்ங்கிற கணக்கு, அது வெறும் 300 வினாடி, போன் தூங்கிடுச்சுன்னா டேட்டா போகாது, கன்ட்ரோலர் ஆள் போயிட்டாருன்னு நெனச்சு தூக்கிடும். உங்களுக்கு ரெண்டும் சேந்தே இருக்கும்னு தோணுது.

கன்ட்ரோலர்ல அந்த வைஃபையோட செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டேப்ல செஷனை 43200 வினாடி ஆக்குங்க, 12 மணி நேரம் வரும். ஐடில் 3600 வினாடி போதும். லாகின் பேஜ் செட்டிங் இருக்கிற லேயர் 3 செக்யூரிட்டில ஸ்லீப்பிங் கிளையன்டையும் ஆன் பண்ணுங்க, தூங்கி எழுந்த போன்கிட்ட திரும்ப லாகின் கேக்காது.

ஒண்ணு மறந்துடாதீங்க, ஏஏஏ ஓவர்ரைடு (லாகின் சர்வர் சொல்றதை கன்ட்ரோலர் செட்டிங்குக்கு மேல எடுத்துக்கிறது) ஆன்ல இருந்தா ரேடியஸ், அதாவது லாகினைச் சரிபாக்குற அந்த சர்வர், அனுப்புற செஷன் டைம்அவுட்தான் நிக்கும், கன்ட்ரோலர்ல என்ன மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல, நான் ஒரு ராத்திரி முழுக்க இதைத் தேடியிருக்கேன். பகல் பூரா வெயில்ல நின்னுட்டு வந்து பிள்ளை முகம் பாக்குற நேரம்ணே அது, இன்னிக்கே மாத்திடுங்க.