இடைப்படம் வரைந்து தொடங்கியவர்

அன்புள்ள அம்மா,

வடிவமைப்புக் கல்லூரியில் தம்பிக்கு இடம் கிடைக்கவில்லை, அனிமேஷன் ஆசையை இத்தோடு மூட்டை கட்டச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஹங்கேரியின் அனிமேஷன் இயக்குநர் மார்செல் யான்கோவிச் எப்படி இந்தத் துறைக்குள் வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1941-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். 1950-இல் கம்யூனிஸ்ட் அரசு அவருடைய தந்தையைச் சிறையில் தள்ளியது. குடும்பத்தைத் தலைநகரிலிருந்து கிராமத்துக்கு வெளியேற்றியது. பள்ளியை முடித்த பிறகும் அந்தக் குடும்பப் பின்னணியே பல்கலைக்கழகக் கதவை அடைத்தது. கூலி வேலை பார்த்தார். 1960-இல் பன்னோனியா என்ற அனிமேஷன் ஸ்டுடியோவில் சேர்ந்தபோது கிடைத்தது கடைசி வரிசை வேலை: இடைப்படம் வரைவது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருவன் கல்லைத் தூக்குகிறான் என்றால், அவன் குனிவதையும் நிமிர்வதையும் மூத்த கலைஞர் வரைந்து கொடுத்துவிடுவார். நடுவில் தோள் எப்படி இறுகுகிறது, முழங்கால் எங்கே மடங்குகிறது என்பதையெல்லாம் இடைப்படக்காரர்தான் தாள் தாளாக வரைய வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடும். சலிப்பான வேலைதான். ஆனால் உடம்பின் எடையைக் கை கற்றுக்கொள்வது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1974-இல் அவர் எடுத்த ‘சிசிபஸ்’ இரண்டு நிமிடப் படம். பாறையை மலைமேல் உருட்டுகிற ஒரு மனிதன், வெறும் கறுப்புத் தூரிகைக் கோடுகள். அந்தக் கோடுகள் தடித்து மெலிவதிலேயே அவனுடைய மூச்சிரைப்பு தெரியும். ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. ‘சிசிபஸ்’ எடுப்பதற்கு முந்தைய ஆண்டே ஹங்கேரியின் முதல் முழுநீள அனிமேஷன் படத்தை அவர் இயக்கிவிட்டிருந்தார்.

வருமானத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதை மறைக்க மாட்டேன். அவருடைய ‘மனிதனின் துயரம்’ படத்தின் தயாரிப்பு 1988-இல் தொடங்கியது. ஆட்சி மாறி அரசுப் பணம் வற்றியதில் அது திரைக்கு வர 2011 ஆகிவிட்டது. இவ்வளவு பெயர் பெற்றவருக்கே அந்த நிலை. இடையில் நாட்டார் கதைகள், தொன்மக் குறியீடுகள் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். நூல்களுக்கு ஓவியமும் வரைந்தார். தம்பிக்கும் வரைவதோடு இன்னொரு கைத்தொழில் இருக்கட்டும்: எழுத்து, புத்தக ஓவியம், படத்தொகுப்பு, எதுவானாலும் சரி.

கடன் வாங்கி மென்பொருள் வகுப்பில் இப்போதே சேர்த்துவிடாதீர்கள். மூன்று மாதம் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் உட்கார்ந்து, நடக்கிறவர்களையும் சுமை தூக்குகிறவர்களையும் பென்சிலால் வரையட்டும். பிறகு அந்த நோட்டுகளோடு என்னிடம் அனுப்புங்கள். நன்றாக வந்த பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்துவர வேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு நுழைவுத் தேர்வா, ஸ்டுடியோவில் பயிற்சி வேலையா என்பதை அவற்றை வைத்துக்கொண்டு மூவருமாகப் பேசி முடிவு செய்வோம்.